பொது ஒளிப்பட மாநாட்டுக்கு ஸ்டீரியோ ஆர்வலர்களாகப் போகும்போது: காட்டுவது, எடுப்பது, கேட்பது

கேள்வி இதுதான்: ஸ்டீரியோ படம், அதாவது இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் உணரவைக்கும் 3டி படம், எடுக்கும் மூன்று நான்கு பேர், எல்லா வகை ஒளிப்படக்காரர்களும் கூடும் மாநாடு ஒன்றுக்குப் போகிறார்கள். படங்களைக் காட்ட ஒரு மேசை உறுதி, அரை மணி நேரம் அரங்கும் கிடைக்கக்கூடும். என்னென்ன கொண்டுபோக வேண்டும், எப்படிக் காட்ட வேண்டும், அங்கே எப்படிப் படம் எடுப்பது, 2டி ஆட்களுக்கான அமர்வுகளில் உட்கார்ந்தால் நமக்கு ஏதும் பயன் உண்டா?

இத்தகைய இடங்களில் காரியம் கெடுவது பெரும்பாலும் எடுப்பதில் அல்ல, காட்டுவதில்தான். சாதாரணப் படத்தைச் சுவரில் மாட்டினால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். ஸ்டீரியோ படத்துக்கு ஒவ்வொருவர் கண்ணுக்கு முன்னாலும் ஒரு கருவி வேண்டும். முதல் சில வினாடிகளில் ஆழம் புலப்படாவிட்டால், "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று வந்தவர் நகர்ந்துவிடுவார், திரும்பவும் வரமாட்டார். ஆகவே தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதியைப் பார்க்கும் ஏற்பாட்டுக்கே ஒதுக்குங்கள். புதிய படங்கள் எடுப்பது அதற்கப்புறம்.

மாநாடு எந்த வகை என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய நேஷனல் ஸ்டீரியோஸ்கோபிக் அசோசியேஷன் ஆண்டுதோறும் நடத்தும் 3டி-கான், 1975இல் உருவான இன்டர்நேஷனல் ஸ்டீரியோஸ்கோபிக் யூனியன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் காங்கிரஸ் போன்றவை நம்மவர்களுக்காகவே நடப்பவை. வெள்ளிப் பூச்சுத் திரை, சீரமைத்த இரட்டை ப்ரொஜெக்டர், கண்ணாடிகள் எல்லாம் அங்கேயே இருக்கும். கேட்ட அளவில் கோப்பைக் கொடுத்தால் போதும், பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் 1920×1080, பக்கத்தில் பக்கமாக வைத்தால் 3840×1080. பொது மாநாட்டில் இவற்றில் ஒன்றும் இருக்காது. இருப்பதாக ஏற்பாட்டாளர் சொன்னாலும், "3டி ப்ரொஜெக்டர் இருக்கிறது" என்பதற்கு அவர் கொள்ளும் பொருளும் நீங்கள் கொள்ளும் பொருளும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

மேசைக்கு வருவோம். என் முதல் பரிந்துரை அச்சிட்ட அட்டைகளும் ஹோம்ஸ் வகை வியூவரும்தான். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861இல் வடிவமைத்த அந்தக் கைப்பிடி வியூவரை இன்றுவரை எதுவும் வென்றுவிடவில்லை. மின்சாரம் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், கையில் எடுத்தவருக்கு என்ன செய்வதென்று தானே புரிந்துவிடும். அட்டையின் வழக்கமான அளவு 7×3.5 அங்குலம், அதாவது 178×89 மி.மீ. 300 டிபிஐயில் 2100×1050 பிக்சல். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 75 மி.மீ. அகலம். ஹோம்ஸ் வியூவரின் லென்ஸ்கள் ப்ரிசம் போலவும் வேலை செய்வதால், இரு படங்களிலும் ஒரே தொலைதூரப் புள்ளி விழும் இடங்களுக்கு இடையே 75 முதல் 80 மி.மீ. இருந்தாலும் கண் தாங்கும். மடக்கி வைக்கும் மலிவான வியூவர்களில் ப்ரிசம் இருக்காது. அவற்றில் அதே அட்டையை வைத்தால் கண்கள் வெளிப்பக்கம் விலக வேண்டியிருக்கும், படம் இரண்டாகவே நிற்கும். அந்த வகைக்குத் தனியாக, படம் ஒன்று சுமார் 60 மி.மீ. அகலத்தில், தொலைதூரப் புள்ளிகளின் இடைவெளி 65 மி.மீ. தாண்டாமல் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் இரண்டு வகை வியூவரையும் வைத்து அட்டைகளைக் கலந்துவிடாதீர்கள்.

லேபில் 6×4 அங்குல பிரிண்ட் போட்டும் சமாளிக்கலாம். ஆனால் லேப் இயந்திரங்கள் ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. வெட்டிவிடும். இடப்படத்தின் இடது ஓரமும் வலப்படத்தின் வலது ஓரமும் மட்டும் வெட்டுப்படும், நடுவில் உள்ள ஓரங்கள் அப்படியே இருக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல், அதாவது காட்சி எதன் வழியாகத் தெரிகிறதோ அந்தப் படச் சட்டம், அதோடு போயிற்று. சுற்றிலும் 5 மி.மீ. பார்டர் விட்டு, ஒவ்வொரு படத்தையும் 71 மி.மீ. அகலத்துக்குள் அடக்கினால் வெட்டு பார்டரோடு நின்றுவிடும். காகிதம் வழவழப்பான மேட் ஆக இருக்கட்டும். பளபளப்புத் தாளில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிந்து உறுத்தும். லஸ்டர் தாளின் மேற்பரப்புச் சொரசொரப்பு வியூவர் லென்ஸில் பெரிதாகி, படத்துக்கு முன்னால் ஒரு வலைபோல மிதக்கும். ஒரு மி.மீ. தடிமனான அட்டையில் ஒட்டாவிட்டால் மதியத்துக்குள் சுருண்டுவிடும்.

விளக்கு கொண்டுபோக மறக்காதீர்கள். மாநாட்டுக் கூடங்களில் வெளிச்சம் மேலிருந்து வரும், வியூவருக்குள் அட்டை நிழலில் கிடக்கும். வளையும் கழுத்துள்ள சிறிய எல்இடி மேசை விளக்கு ஒன்று, பார்ப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து அட்டைமேல் விழும்படி வைத்தால் போதும். ஈரத் துணி, லென்ஸ் துணி இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். முகம் படும் விளிம்பை ஒவ்வொருவருக்கும் இடையே துடைத்துக் கொடுத்தால், தயங்கி நிற்பவரும் வாங்கிப் பார்ப்பார்.

அட்டைகள் பன்னிரண்டு போதும். அறுபது வைத்தால் யாரும் முழுதாகப் பார்க்கமாட்டார்கள், வரிசையும் நகராது. முதல் அட்டை சிக்கலே இல்லாததாக இருக்கட்டும்: நடுவில் ஒரே ஒரு தெளிவான பொருள், பின்னணி அதிகத் தொலைவில் இல்லை, ஓரத்தில் எதுவும் வெட்டுப்பட்டு முன்னால் நீட்டவில்லை. ஐந்தாவது ஆறாவது அட்டைக்குள் பார்ப்பவரின் கண் பழகிவிடும். உங்கள் தடாலடிப் படங்களை அதற்குப் பின்னால் வையுங்கள். நம் வட்டாரத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் படத்திலேயே கிளை ஒன்று மூக்கைக் குத்த வேண்டும் என்று ஆசை. முதன்முறை பார்ப்பவருக்கு அது வெறும் இரட்டைக் கோடுதான்.

எவ்வளவு சரிசெய்தாலும் ஆழம் தெரியாதவர்களும் வருவார்கள். மாறுகண், சிறுவயதில் கவனிக்கப்படாத சோம்பேறிக் கண், ஒரு கண்ணில் மட்டும் அதிக பவர் எனக் காரணங்கள் உண்டு. குவியம் சரிசெய்யும் சட்டத்தை ஒருமுறை முன்பின் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவரானால் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். அதற்கும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "நல்லா உத்துப் பாருங்க" என்று நச்சரிப்பதால் ஆழம் வராது, தலைவலிதான் வரும்.

விஆர் ஹெட்செட்டைப் பற்றிக் கேட்பீர்கள். படம் அபாரமாகத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண் இடைவெளி சரிசெய்து, பட்டை இறுக்கி, மெனுவில் வழிகாட்டி ஒருவர் பார்த்து முடிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அட்டை மேசையில் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஒன்று கொண்டுபோங்கள், ஆர்வம் காட்டி நிற்பவருக்கு மட்டும் கொடுங்கள். படங்களைக் கருவிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளுங்கள். மாநாட்டு வைஃபையை நம்பினால் உள்நுழைவுப் பக்கத்திலேயே பொழுது போய்விடும்.

அடுத்து அரங்கு. இங்கேதான் கணக்கு தேவை.

ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: திரை எத்தனை மீட்டர் அகலம், முதல் வரிசை திரையிலிருந்து எவ்வளவு தூரம், ப்ரொஜெக்டர் எந்த வகை, நுண்கண்ணாடிகளால் படம் உண்டாக்கும் டிஎல்பியா, திரவப் படிகப் பலகை வைத்த எல்சிடியா, மடிக்கணினியிலிருந்து கேபிள் நேராக ப்ரொஜெக்டருக்குப் போகுமா அல்லது நடுவில் ஸ்விட்சர் (பல சிக்னல்களை மாற்றிவிடும் பெட்டி) இருக்கிறதா, கூடத்தை முழுதாக இருட்டாக்க முடியுமா. இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால்தான் எந்த முறையில் காட்டுவது என்று முடிவெடுக்க முடியும்.

இரு படங்களின் ஒளியையும் வெவ்வேறு திசையில் அதிரவைத்து, கண்ணாடியின் ஃபில்டரால் பிரிக்கும் போலரைஸ்டு முறைதான் பார்க்கச் சுகம். ஆனால் சாதாரண வெள்ளைத் திரையில் அது வேலை செய்யாது. மேட் பரப்பில் பட்டுச் சிதறும் ஒளி தன் போலரைசேஷனை இழந்துவிடும், இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் போய்ச் சேரும். வெள்ளிப் பூச்சுத் திரையை நீங்களே கொண்டுபோக வேண்டும், அதுவும் சுருட்டித்தான். மடித்தால் மடிப்புக் கோடு ஒவ்வொரு வானத்திலும் தெரியும். இரட்டை ப்ரொஜெக்டருக்கு டிஎல்பி நல்லது. பல எல்சிடி ப்ரொஜெக்டர்களில் பச்சை ஒளி மட்டும் மற்ற இரண்டுக்கும் குறுக்கான போலரைசேஷனில் வரும். முன்னால் ஃபில்டர் வைத்தவுடன் ஒரு கண்ணில் பச்சை, மறு கண்ணில் மஜெந்தா என்று நிறம் பிளந்து நிற்கும். கிளப்களில் வழங்கும் கண்ணாடிகள் 45, 135 டிகிரி லீனியர் (நேர்கோட்டில் அதிரும் ஒளிக்கான) வகை, ரியல்டி வகைத் திரையரங்கக் கண்ணாடிகள் சர்குலர் (சுழலும் ஒளிக்கான) வகை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள்.

டிஎல்பி-லிங்க் வசதியுள்ள ஒற்றை 3டி ப்ரொஜெக்டர் இருந்தால் எந்தத் திரையும் போதும், 120 ஹெர்ட்ஸில் இடமும் வலமும் மாறி மாறி வரும், ஷட்டர் கண்ணாடி அதைப் பின்தொடரும். குறை என்னவென்றால் கண்ணாடிகளுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், விலை அதிகம், ஐம்பது பேருக்குக் கட்டுப்படியாகாது. இடம் வலம் தலைகீழாகத் தொடங்குவதும் உண்டு. மெனுவில் 3டி இன்வர்ட் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடத்து ஸ்விட்சர் அல்லது பட அளவை மாற்றும் ஸ்கேலர் நடுவில் இருந்தால் 3டி சிக்னல் அதிலேயே அடிபட்டுப் போகும். நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று கையிலிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவை எதுவும் அமையாவிட்டால், இரு நிறக் கண்ணாடியால் படங்களைப் பிரிக்கும் அனக்ளிஃப்தான். அதைக் கேவலமாகப் பேசுவது நம்மவர்களின் வழக்கம், ஆனாலும் இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் காட்ட அதைவிட்டால் கதி இல்லை. சிவப்பு இடக்கண்ணுக்கு, சயன் வலக்கண்ணுக்கு. சிவப்புச் சேலை, நீலக் கார் உள்ள படங்களை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கண்ணில் வெளுத்தும் மறு கண்ணில் கருத்தும் தெரியும் பொருள் மினுங்கிக்கொண்டே இருக்கும், மூளை அதை ஒன்றுசேர்க்காது. கறுப்பு வெள்ளையாக மாற்றிய அனக்ளிஃபும், ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் மென்பொருளில் உள்ள, நிறங்களைக் கணக்கிட்டுக் கலக்கும் டுபுவா முறையும் பாதுகாப்பானவை. சேமிக்கும்போது ஜேபெக் தரத்தை உச்சத்தில் வைத்து, நிறத் தகவலைக் குறைக்கும் சப்சாம்ப்ளிங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நிற விளிம்புகள் கரைந்து, கோஸ்டிங், அதாவது ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்கும் மங்கலாகத் தெரிவது, இரட்டிப்பாகும்.

எந்த முறையானாலும், திரையில் இடப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுகிறது என்பதுதான் தலையாய விஷயம். மனிதக் கண்களின் இடைவெளி சுமார் 65 மி.மீ. தொலைதூரப் பொருளின் இரு பிம்பங்கள் அதைத் தாண்டி விலகினால் கண்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், இயல்பில் அவை அப்படித் திரும்புவதே இல்லை. பட அகலத்தில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் விலகல் என்பது நமக்குப் பழகிப்போன அளவு. 2 மீட்டர் திரையில் 3.3 சதவீதம் என்றால் 66 மி.மீ., பிழையில்லை. அதே கோப்பை 4 மீட்டர் திரையில் போட்டால் 132 மி.மீ. எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது சுமார் அரை டிகிரி வெளி விலக்கம், பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். மூன்று மீட்டரில் முதல் வரிசைக்காரருக்கு அது 1.3 டிகிரி, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். எனவே பெரிய கூடத்துக்கு முழு விலகலை 2 சதவீதத்தில் நிறுத்துங்கள், 1920 பிக்சலில் 38 பிக்சல். முதல் இரண்டு வரிசையில் யாரையும் உட்கார விடாதீர்கள். வீட்டு மானிட்டரில் "ஆழம் கொஞ்சம் குறைச்சலா இருக்கே" என்று தோன்றும் படம்தான் அந்தத் திரையில் சரியாக நிற்கும்.

முதல் ஸ்லைடு சோதனை ஸ்லைடாக இருக்கட்டும்: இடக்கண்ணுக்கு மட்டும் "இ", வலக்கண்ணுக்கு மட்டும் "வ". எல்லோரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொல்லட்டும். கண்ணாடி தலைகீழ், கேபிள் மாற்றம், ப்ரொஜெக்டர் இன்வர்ட் எல்லாம் பத்து வினாடியில் வெளிச்சத்துக்கு வரும். அடுத்தடுத்த படங்களில் முக்கியப் பொருள் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருந்தால் கண் குதிக்க வேண்டியதில்லை, முடியாவிட்டால் நடுவில் அரை வினாடி கறுப்பு விடுங்கள். டிஸால்வ் வேண்டாம், இரண்டு ஆழங்கள் ஒன்றன்மேல் ஒன்று கரையும்போது கண்ணுக்குப் பிடிப்பே இருக்காது. எழுத்து ஸ்லைடுகளைச் சாதாரணமாகவே வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முப்பது படம் போதும்.

இனி, அங்கே படம் எடுப்பது. மாநாட்டுக் கூடம் ஸ்டீரியோவுக்குச் சாதகமான இடம் அல்ல: மங்கலான எல்இடி வெளிச்சம், அசையும் மனிதர்கள், எப்போதும் யாராவது ஒருவரின் தலை முன்னால்.

லென்ஸ் இடைவெளிக்கு, அதாவது பேஸுக்கு, "அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு" என்ற விதி பழக்கத்தில் இருக்கிறது. அது 35 மி.மீ. லென்ஸுக்கும் பின்னணி வெகுதூரத்தில் இருக்கும் காட்சிக்கும்தான் பொருந்தும். கூடத்துக்குள் பின்னணி சுவராக இருப்பதால் முழுச் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள்: சென்சார்மேல் விலகல் = குவியத்தூரம் × பேஸ் × (1/அருகு − 1/தொலைவு). 36 மி.மீ. அகல சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமில் 3 சதவீதம் என்றால் 1.08 மி.மீ. 35 மி.மீ. லென்ஸில் 1 மீட்டர் தள்ளி ஒருவர், 2 மீட்டரில் சுவர் என்றால் பேஸ் 62 மி.மீ. வரை போகலாம். அதே ஆளுக்குப் பின்னால் நீண்ட தாழ்வாரம் இருந்தால் அதில் பாதிதான். 30 செ.மீ. தூரத்தில் மேசைமேல் உள்ள பொருள், பின்னணி 40 செ.மீ., 50 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 25 மி.மீ. தான் தேவை. இரண்டு கேமராவைப் பக்கத்தில் பக்கமாகப் பூட்டினால் அவற்றின் உடல் அகலமே 110, 130 மி.மீ. வந்துவிடும், ஆகவே அந்த மேசைக்கு ஒற்றைக் கேமராவும் நகர்த்தும் பட்டையும்தான் வழி.

மேடைப் பேச்சாளரை 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 100 மி.மீ. லென்ஸில் எடுத்தால் என்ன ஆகும்? பின்திரை 13 மீட்டரில் இருந்தால் சூத்திரம் 47 செ.மீ. பேஸ் கேட்கிறது. 65 மி.மீ. பேஸில் எடுத்தால் பேச்சாளர் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக நிற்பார். 47 செ.மீ. வைத்தாலோ முன் வரிசைத் தலை ஒன்று ஃப்ரேமில் நுழைந்த கணமே படம் வீண். ஓரப் பாதையில் நின்று, முன்னால் ஒன்றும் இல்லாத கோணம் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தை மறந்துவிட்டு, இடைவேளையில் மேடை அருகே 2 மீட்டரில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லென்ஸ் உள்ள 3டி கேமராவான ஃபியூஜி ரியல் 3டி டபிள்யூ3 இன்னும் பலர் கையில் இருக்கிறது. 2010இல் வந்த கேமராவானாலும் இத்தகைய கூட்டத்துக்கு அதைவிடத் தோதான கருவி குறைவு. இரு லென்ஸுக்கும் ஷட்டர் ஒன்றாகவே திறக்கும், பின்திரையில் கண்ணாடியில்லாமலே ஆழம் தெரியும், எடுத்த உடனே எதிரில் நிற்பவருக்குக் காட்டலாம். பேஸ் 75 மி.மீ. என்பதால் ஒன்றரை மீட்டருக்கு உள்ளே போகாமல், பின்னணி நெருங்கியிருக்கும்படி நில்லுங்கள். மங்கிய ஒளியில் அதன் சிறிய சென்சார் திணறும். பழைய பேட்டரிகள் மதியம் தாண்டாது, மூன்று பேட்டரியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒத்திசைவுதான் தலைவலி. பேசிக்கொண்டே கையை ஆட்டுபவரின் கை விநாடிக்கு 1 மீட்டர் போகிறது என்று வைத்தால், 20 மில்லிவிநாடி பிசகில் அது 20 மி.மீ. நகர்ந்துவிடும். 65 மி.மீ. பேஸில் இது மூன்றில் ஒரு பங்கு பொய்யான ஆழம்: கை உடலைவிட்டுத் தனியாக முன்னாலோ பின்னாலோ மிதக்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் இரண்டிலும் மேனுவலில் ஒரே மதிப்பில் பூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ் ஒன்றில் தேடிக்கொண்டிருந்தால் ஒத்திசைவு போயேபோயிற்று. கிளை பிரித்த வயர் ரிமோட்டில் அழுத்தி, ஓடும் மில்லிவிநாடிக் கடிகாரம் ஒன்றைப் பத்து முறை எடுத்துப் பார்த்தால் உங்கள் ஜோடியின் பிசகு எவ்வளவு என்று தெரியும். கடிகாரம் காட்டும் திரையே விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் இரண்டு ஷட்டரும் திறந்திருக்கும் கணத்தில்தான் அது அடிக்க வேண்டும். ஷட்டர் வேகத்தை 1/30க்கு இறக்கி, பிந்தித் திறக்கும் கேமராமேல் ஃபிளாஷை வையுங்கள். ஒரு ஃப்ரேம் இருண்டு வந்தால் ஃபிளாஷை மற்றக் கேமராவுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எல்இடி விளக்குகளின் கீழே வேறொரு தொல்லை: மினுக்கத்தால் வரும் பட்டைகள் இரு படங்களிலும் வெவ்வேறு இடத்தில் விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் மறையும். பின்னால் டிஎல்பி ப்ரொஜெக்டர் திரை தெரிந்தால் அதன் வண்ணச் சக்கரம் ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்குப் பச்சையுமாகப் பட்டை போடும், அங்கே 1/30க்கு மேல் போக வேண்டாம்.

ஒற்றைக் கேமரா அல்லது ஃபோன் மட்டும் இருந்தால் சா-சா முறை: இடக்காலில் எடையைப் போட்டு ஒன்று, வலக்காலுக்கு மாற்றி ஒன்று, ஆறேழு செ.மீ. நகர்வு. கேமரா திரும்பக் கூடாது, நேராக நகர வேண்டும். பொருளை நடுவிலேயே வைத்திருக்க ஆசைப்பட்டு உள்பக்கம் திருப்பினால் ஓரங்களில் மேல் கீழ் பிசகு வரும். எப்போதும் இடதை முதலில் எடுப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைத்த பழைய கேமராக்கள், கட்டட உள்கூடு, மேசைமேல் கருவிகள் ஆகியவற்றுக்கு இது போதும். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றை எடுத்தால், கண்ணாடியில் விழும் உங்கள் பிரதிபலிப்பும் சேர்ந்து நகர்ந்து ஒரு கண்ணில் மட்டும் ஒளிரும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள்.

இரவில் அறைக்கு வந்ததும் அன்றைய படங்களை ஸ்டீரியோஃபோட்டோ மேக்கரில் ஏற்றிப் பாருங்கள், இலவச மென்பொருள்தான். தானியங்கி சீரமைப்பு மேல் கீழ் பிசகையும் சாய்வையும் அளவு வேறுபாட்டையும் திருத்தும். ஜன்னலை மட்டும் அதனிடம் விடாதீர்கள். ஃப்ரேம் ஓரத்தில் வெட்டுப்படும் எந்தப் பொருளும் ஜன்னலுக்கு முன்னால் வரக் கூடாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: சரியான ஜோடியில், அருகிலுள்ள பொருள் பின்னணியோடு ஒப்பிட இடப்படத்தில் சற்று வலப்பக்கம் தள்ளித் தெரியும். எதிராக இருந்தால் மாற்றிப் போடுங்கள்.

பொது அமர்வுகளைப் பற்றி. லைட்டிங் வகுப்பில் கட்டாயம் உட்காருங்கள், ஆனால் வேறு காதோடு கேளுங்கள். 2டிக்காரர் நிழலைக்கொண்டு ஆழம் உண்டாக்குகிறார். நமக்கு ஆழம் ஏற்கெனவே இருப்பதால் அவர் தவிர்க்கச் சொல்லும் மென்மையான, தட்டையான ஒளியே பல நேரம் நமக்கு உதவும். பின்னாலிருந்து உருவத்தின் விளிம்பில் விழும் அவருடைய ரிம் லைட் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது, உருவம் பின்னணியிலிருந்து சட்டெனப் பிரியும். "பின்னணியைக் கரைத்துவிடு" என்ற அறிவுரையும் நமக்கு ஒத்துவராது. ஸ்டீரியோவில் பார்ப்பவர் படத்துக்குள் அலைந்து பார்க்கிறார், மங்கலான முன்பொருளில் கண் போய் நின்றால் சலிப்புத்தான் மிஞ்சும். முன்னும் பின்னும் தெளிவாக விழ எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸ் துளையைச் சிறிதாக்கி நாம் போகக் காரணம் அது. ஃப்ரேமிங் வகுப்பில் முன்பொருளை ஓரத்தில் வெட்டி வைக்கும் உத்தி வரும், அது நேராக ஜன்னல் மீறலில் கொண்டுபோய் விடும்.

மென்பொருள் அமர்வுகளில் அதிக கவனம் தேவை. எச்டிஆர், ஃபோகஸ் ஸ்டாக்கிங், தோல் மெருகு எல்லாமே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக முடிவெடுத்துத் திருத்துகின்றன. ஏஐ நாய்ஸ் ரிடக்ஷன் இடப்படத்தின் துணி நெசவில் ஒரு வடிவத்தையும் வலப்படத்தில் இன்னொன்றையும் கற்பனை செய்து நிரப்பும். தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு, வியூவரில் வைத்தால் அந்தத் துணி கொதிப்பதுபோல மினுங்கும். ஜெனரேட்டிவ் ஃபில் இதைவிட மோசம்: நீக்கிய இடத்தில் இரு கண்ணுக்கும் வெவ்வேறு புல் முளைக்கும். அமர்வின் முடிவில் "இரண்டு படத்துக்கும் ஒரே அளவுருக்களை அப்படியே ஏற்ற முடியுமா, இடத்துக்கு இடம் மாறாமல் நிறுத்த முடியுமா" என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான்.

போர்ட்ஃபோலியோ விமர்சனத்துக்குப் பெயர் கொடுத்தால் ஆறு அட்டைகளும் ஒரு வியூவரும் கொண்டுபோங்கள், கூடவே இடப்படங்களின் பெரிய பிரிண்டும். வியூவரை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு பிரிண்டைக் காட்டி, ஒளி, தருணம், ஒழுங்கு பற்றி மட்டும் கருத்துக் கேளுங்கள். பிரிண்டில் வெறும் குப்பைக் கூளமாகத் தெரியும் காடு வியூவரில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கும். ஆனாலும் பிரிண்டைப் பார்த்து அவர் "இதில் தருணமே இல்லை" என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழத்தை நம்பியே மற்றதைக் கோட்டை விடுவது நம் கூட்டத்துக்குள்ள தீராத நோய்.

கடைசியாக, பழைய கருவி விற்கும் மேசைகள். 1947இல் வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் அடிக்கடி கண்ணில் படும், ஃப்ரேம் அளவு 23×24 மி.மீ. ஷட்டரைத் தனியாக ஏற்ற வேண்டிய கேமரா அது. பின்கதவைத் திறந்து, மெதுவான வேகத்தில் வைத்து, வெளிச்சத்தைப் பார்த்து அழுத்துங்கள். இரு ஷட்டரும் ஒரே நேரம் திறந்து ஒரே நேரம் மூடுகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். ஒன்று சோம்பினால் எண்ணெய் உறைந்திருக்கிறது, சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். டபிள்யூ3 விற்பனைக்கு இருந்தால் மூன்று மீட்டரில் செங்கல் சுவர் போன்ற நேர்கோடுள்ள ஒன்றை எடுத்து, மடிக்கணினியில் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மேல் கீழ் பிசகு சில பிக்சல் என்றால் மென்பொருள் திருத்திவிடும், ஓரமெல்லாம் வெட்டித் தள்ள வேண்டிய அளவுக்கு இருந்தால் அந்தக் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. ஸூமை உள்ளும் வெளியும் ஓட்டிவிட்டு மறுபடி ஒன்று எடுங்கள், சில கேமராக்களில் விரிகோணத்தில் ஒழுங்காக இருக்கும் லென்ஸ் ஜோடி டெலியில் பிசகிவிடும்.